சோல்கோல் ஊருக்கு ஓர் ஓட்டுநர்

சோல்கோல்
1998 நவம்பர் 2

அன்புத் தம்பி மான்ஹோவுக்கு,

இங்கே காலையில் கோசு வயலெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. புசானில் நீங்கள் இன்னும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு திரிவீர்கள். நீ, இன்ஜா, குழந்தை பொராம் மூவரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? உன் அத்தானுக்குத் தோள்பட்டையைத் தவிர எல்லாம் நலம். எனக்கு வாய் உட்பட எல்லாமே நலம்.

வாயைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன மாதம் உன் அக்காவை ஊர்த்தலைவி ஆக்கிவிட்டார்கள். பழைய தலைவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்து யார் என்று கூட்டத்தில் கேட்டபோது ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நான் கையைத் தூக்கினேன். இப்போது தினமும் காலையில் பொதுக்கூடத்து மைக்கில் பேசுவது நான்தான். வட்ட அலுவலகம் அனுப்பும் செய்திமடலைப் பிரித்து, தடுப்பூசி எப்போது, எலிமருந்து எங்கே, தனியாக இருப்பவர்களுக்குக் கரிக்கட்டி என்றைக்கு என்று வாசிக்கிறேன். கம்பத்து ஒலிபெருக்கிகள் மலை மேல் வரைக்கும் கொண்டுபோகின்றன. வானொலிக்காரி தோற்றாள் என்று அத்தான் சொல்கிறார். அதில் பாதி கிண்டல்.

இந்தக் குளிர்காலத்துக்கு வட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. டிராக்டருக்கு முன்னால் மாட்டிப் பனியைத் தள்ளும் இரும்புத் தகடு ஊருக்கு ஒன்று இலவசம், டீசலும் அவர்களே தருவார்கள். டிராக்டர் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் காப்பீட்டுக்காக, கனரக வண்டி உரிமம் உள்ள ஓட்டுநர் ஒருவரின் பெயரை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம். உரிமம் வைத்திருந்த அத்தானால் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. இன்னொருவர் நண்பகலுக்குள் குடித்துவிடுகிற ஆசாமி. மற்றவர்கள் எல்லாம் கைத்தடிக்காரர்கள்.

என் தலைவலி தோக்ரே சித்திதான். அம்மா போனபின் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு வயல் வேலை பார்த்தவள், இன்றைக்கும் மேட்டு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். சிறுநீரகம் கெட்டுப் போனதால் வாரத்துக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போன வருஷம் சாலை மூடியபோது அவளைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்தோம். இந்த வருஷமும் ஓட்டுநர் இல்லையென்றால் குளிர்காலம் முடியும்வரை டவுன் முதியோர் விடுதியில் சேர்த்துவிடுவார்களாம். சேதியைச் சொன்னேன். "பொணமா எடுத்துட்டுப் போங்கடி, அப்ப நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள்.

உன் உரிம எண்ணைக் கொஞ்சம் எழுதி அனுப்பு. சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா பில்நாம்

*

புசான்
1998 நவம்பர் 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. தலைவி ஆனதற்கு வாழ்த்துகள், ஊருக்கு என் அனுதாபங்கள். அத்தானின் தோளுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே மூவரும் நலம். பொராமுக்கு ஒரு பல் விழுந்தது. தினமும் காலையில் நான்தான் அவளைப் பள்ளியில் விடுகிறேன்.

பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பழுதுபார்க்க வரும் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. என் பாரந்தூக்கிக்கு ஓய்வே இல்லை. ஆனால் உடம்பையும் விட்டுவிடவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலையில் தினமும் ஏறுகிறேன். உச்சியிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரிகிறது. ஒரு வாரமாக அங்கே ஒரு மரங்கொத்தி ஒரே மரத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறது.

உரிம எண்ணை அடியில் எழுதியிருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. சித்தியை நான் கேட்டதாகச் சொல்.

தம்பி மான்ஹோ

*

சோல்கோல்
1998 நவம்பர் 21

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகந்தானே? இங்கே முதல் பனி தூவிவிட்டுப் போயிற்று. அத்தானுக்கு நீ சொன்ன ஒத்தடத்தைக் கொடுத்தேன். சூடு போதவில்லை என்றார், பிறகு சுடுகிறது என்றார்.

போன வாரம் ஊரே கூடிக் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். தனியாக இருக்கிற வீடுகளுக்காக வட்டமே கோசும் உப்பும் கொடுத்தது. பெண்கள் எல்லோரும் முழங்கைவரை மிளகாய்ச் சாந்தோடு நின்றோம். செய்திமடலுக்காகப் படம் எடுக்க வந்த வட்ட அலுவலக எழுத்தர் குவாக்கின் வாயிலும் ஒரு உருண்டை திணித்தோம். உனக்கு ஒரு வாளி, எப்போதும் போலப் பட்டறை முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு.

இன்னொரு சேதி. தகடு வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம், கல்யாணப் பெண் போலக் கூடத்து வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை இல்லாமல் எத்தனை நாள் அது நிற்கும்? உடனே கோபப்படாதே, முதலில் கிம்ச்சியைச் சாப்பிடு.

அப்புறம், கப்பல்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு வாரமாக மரங்கொத்தியைப் பார்க்க எப்படி நேரம் கிடைக்கிறது? காலை நடை நல்லதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்ஜாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு.
அக்கா

*

புசான்
1998 டிசம்பர் 1

அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

என் பெயரை எடுத்துவிடு. யாரைக் கேட்டு எழுதினாய்? வசந்தம்வரை எனக்கு இங்கே நகர முடியாத வேலை இருக்கிறது. நினைத்த நேரத்தில் வந்து பனி தள்ளுவதற்கு நான் என்ன சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்?

கிம்ச்சி கொஞ்சம் தாமதமாகக் கைக்கு வந்தது, நன்றாக இருந்தது. இனிமேல் எதையும் பட்டறை முகவரிக்கு அனுப்பாதே. வீட்டுக்கே அனுப்பு. அங்கே வாங்கி வைக்கிற ஆள் மாறிவிட்டார்.

சித்தியின் உடம்பைப் பற்றி எழுது.

மான்ஹோ

*

சோல்கோல்
1998 டிசம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

சரி, வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். கூடவே காய்ந்த முள்ளங்கிக் கீரையும் வைக்கிறேன், இன்ஜா சூப்பில் போடட்டும். பொராமுக்கு அடுத்த பல் விழுந்ததா?

சித்தி நலம். சாலை திறந்திருக்கிறவரை நலம். வட்டத்தின் நலத்துறை வண்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறது. வண்டி ஓட்டுகிற பையனோடு அவள் வழியெல்லாம் சண்டை போடுகிறாள், அதனால் தெம்பாகத்தான் இருக்கிறாள்.

உன் பெயரை எடுக்கவில்லை. எடுத்தால் தகடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். நேற்று எழுத்தர் குவாக் வந்து ஓட்டுநர் எங்கே என்று கேட்டார். குளிக்கப் போயிருக்கிறார் என்றேன். ஒரு மணி நேரம் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் முட்டாள் இல்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி வட்டத்திலிருந்து பரிசோதனைக்கு வருவார்களாம். அன்றைக்கு ஓட்டுநர் டிராக்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகடும் போகும், சித்தியும் விடுதிக்குப் போவாள்.

அதுவரை நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ உன் வேலையைப் பார். குளிரில் மலையேறும்போது காதை மூடிக்கொள்.

அக்கா

*

சோல்கோல்
1998 டிசம்பர் 17

தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இன்றைக்கு அதைத் தவிர வேறு விசாரிப்பு எழுதக் கை வரவில்லை. வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

நேற்றுக் காலை கரிக்கட்டி வரும் நாளை மைக்கில் வாசித்தேன். நன்றி சொல்லி முடித்தேன். அப்போது உன் அத்தான் உள்ளே வந்தார். "குவாக்கை எத்தனை நாளைக்கு ஏமாத்துவ? மான்ஹோவ ஒழுங்கா கூப்பிட்டுப் பாரேன்" என்றார். எனக்கு எங்கிருந்தோ கோபமும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவனுக்கு வேலை போயிருச்சுங்க. இந்த வருஷம் எத்தனை பட்டறைய மூடுனாங்க, அதுல அவனோடதும் ஒண்ணு. காலைல பொண்ண பள்ளிக்கூடத்துல விட்டுட்டு மலையேறி உக்காந்திருக்கான் என் தம்பி. வருஷத்துக்கு ஒரு கடுதாசி போடறவன் இப்ப நாலே நாள்ல பதில் போடறான். நான் கேட்டா ஒடஞ்சிருவான். அதான் கேக்காம இருக்கேன்."

சொல்லி முடிக்கும்போது என் குரலே மலையில் மோதித் திரும்பி வந்தது. "அதான் கேக்காம இருக்கேன்" என்று. திரும்பிப் பார்த்தால் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நான் அதை அணைக்கவே இல்லை, மான்ஹோ. ஊர் முழுக்க, மேட்டு வீடுகள் வரைக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரைக்கும் கேட்டிருக்கிறது.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். நீ ஒளித்து வைத்ததை உன்னிடமே கேட்காதவள், ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

*

புசான்
1998 டிசம்பர் 26

மரியாதைக்குரிய அண்ணிக்கு இன்ஜா எழுதுவது.

நீங்களும் அண்ணனும் குளிரில் நலமாக இருக்க வேண்டுகிறேன். குழந்தை நலம். கீரையும் கடிதமும் வந்து சேர்ந்தன. அவர் எழுதவில்லை, எழுதுவதாகவும் தெரியவில்லை. நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நான் எழுதுகிறேன். என்னிடமும் அவர் எதுவும் சொன்னதில்லை, அண்ணி. ஆனால் எனக்கு இலையுதிர் காலத்திலிருந்தே தெரியும். டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுக்கிற துணியில் தினமும் பைன் மர ஊசிகள் ஒட்டிக்கொண்டு வரும். பட்டறையில் பைன் மரம் ஏது? நான் அவற்றைத் தட்டிவிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். கேட்டால் அவர் நொறுங்கிவிடுவார் என்று நானும் நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே ஆளை ஒரே மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை அவர் வாசலில் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸை எடுக்காமல் வெளியே போனார். நான் பின்னாலேயே போய்க் கொடுக்கவில்லை. சாயங்காலம் வந்து, "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு நிறைய நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோபம் தணியவில்லை. ஆனால் பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்.

இன்ஜா

*

புசான்
1999 ஜனவரி 3

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அத்தானின் தோள் எப்படி இருக்கிறது?

நீ செய்தது எனக்கு ஆறவில்லை. திட்டி எழுதச் சொன்னாய். எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன்.

இந்த வேலை கிடைத்தபோது ஊர் முகப்பில் பதாகை கட்டினீர்களே, நினைவிருக்கிறதா? 'சோல்கோலின் மகன் மான்ஹோ கப்பல் பட்டறையில் சேர்ந்ததற்கு வாழ்த்துகள்' என்று. மழையில் சாயம் போகிறவரை அது தொங்கியது. ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வருவேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. இப்போது எப்படித் தாண்டுவது? பாரந்தூக்கியை விற்றபோது அதை லாரியில் ஏற்றிக் கொடுத்ததே நான்தான், அக்கா. அதை இந்த வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் சந்திரப் புத்தாண்டுக்கும் வரமாட்டேன். சித்தியிடம் எனக்கு வேலை அதிகம் என்று சொல். அவளும் கேட்டிருப்பாள் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

மான்ஹோ

*

சோல்கோல்
1999 ஜனவரி 7

என் தம்பிக்கு,

கடிதம் வந்ததே போதும். அத்தானின் தோள் அப்படியேதான். நீ எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன். அந்தப் பாரந்தூக்கியை நீயே ஏற்றிக் கொடுத்தாயா? அதை என்னிடமாவது சொன்னாய்.

இனி நான் சொல்வதைக் கேள். அந்தக் காலையில் தலையைத் தூக்க முடியாமல் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் எண்ணெய் ஆலைக்காரர் வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தால், அவர் மகனும் சியோலில் வேலை போய் வீட்டில் இருக்கிறானாம். ஊருக்குத் தெரியக் கூடாதென்று, பதவி உயர்வு என்று சொல்லி விருந்தே வைத்தாராம். அடுத்து வந்தவள் தேனீக்காரி, அவள் மருமகனுக்கும் அதே கதை. இத்தனை நாளாக ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறோம். இப்போது கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடினால் ஊரே பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. நீ எந்த முகத்தை நினைத்துப் பயப்படுகிறாயோ, அந்த முகங்களுக்குள்ளும் உன் கதைதான் இருக்கிறது.

சித்தி எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அடிக்கப் போகிறாள் என்று பயந்துகொண்டு மேட்டுக்குப் போனேன். "அவனுக்கு வேலை இல்லன்னா இங்க இருக்கே. அவன மலையேறச் சொல்லிக் குடுத்தது நான்தானே, எறங்க மட்டும் தெரியாதா?" என்றாள். அப்புறம் நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்த வாயைத்தான் ஊருக்குக் கொடுத்துவிட்டேனே. பஸ் நேரத்தை மட்டும் எழுதுகிறேன். டவுனிலிருந்து நம் ஊருக்கு மதியம் ஒன்று, மாலை ஒன்று. பரிசோதனை பன்னிரண்டாம் தேதி காலை. பதினோராம் தேதிக்குப் பெரும் பனி என்று வானிலை சொல்கிறது, மாலை பஸ்ஸை நம்பாதே.

அக்கா

*

சோல்கோல்
1999 ஜனவரி 13

அன்பு இன்ஜாவுக்கு,

நீயும் பொராமும் நலமா? உன் வீட்டுக்காரர் பத்திரமாக வந்து சேர்ந்தார் என்று அவரே தொலைபேசியில் சொல்லியிருப்பார். ஆனால் அவன் எதைச் சொல்வான், எதை விடுவான் என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால் விட்டதை நான் எழுதுகிறேன்.

பதினோராம் தேதி மதிய பஸ்ஸில் இறங்கினான். மறுபடியும் பதாகை கட்டலாமா என்று எண்ணெய் ஆலைக்காரர் கேட்டிருந்தார். அந்தத் துணியைக் கொண்டுவந்தால் அவரை அதில் சுற்றிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். ஆகவே முகப்பில் ஒன்றும் இல்லை. அவன் அத்தான் மட்டும் தள்ளுவண்டியோடு நின்றார், பையை வாங்கிக்கொண்டார். இருவரும் வழியில் எதுவும் பேசவில்லையாம். அத்தானைப் பொறுத்தவரை அது பெரிய உபசாரம்.

ராத்திரி கொட்டிய பனியில் காலையில் எங்கள் கதவைத் திறக்க முடியவில்லை. சித்திக்கு ஆஸ்பத்திரி நாளும் அதுதான். நான் எழுந்து பார்த்தபோது மான்ஹோ டிராக்டருக்கு அடியில் படுத்துத் தகட்டின் மரையை முறுக்கிக்கொண்டிருந்தான். அத்தானும் நானும் ஒரு மாதமாகத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தோமாம். கிளம்பினான். பாலத்தில் ஒரு தடவை சறுக்கியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேட்டு வளைவில் பனி இரண்டு பக்கமும் சுவர் மாதிரி ஒதுங்கியிருந்தது.

எழுத்தர் குவாக் நலத்துறை வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தார். சித்தி தன் வாசலில் துணிமூட்டையோடு நின்றாள். சித்தியும் மான்ஹோவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எளைச்சுட்ட" என்றாள். அவ்வளவுதான். வண்டியில் ஏறி உட்கார்ந்து, நேரமாகிறதென்று ஓட்டுகிற பையனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகவில்லை. இவர்தான் ஓட்டுநரா என்று குவாக் கேட்டார். "குளிச்சிட்டு வந்துட்டாருங்க" என்றேன். மனிதர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். வசந்தம்வரை தகடு நமக்குத்தான், சித்தியும் அவள் வீட்டில்தான். ஓட்டுநருக்கு வட்டம் கொடுக்கிற கூலி சின்னதுதான். வசந்தத்துக்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது. அதை அப்போது பார்ப்போம்.

இனி முக்கியமானது. வேலை முடிந்ததும் மான்ஹோ கூடத்துக்கு வந்து மைக்கைக் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? "ஊர்க்காரங்களுக்கு வணக்கம். டிரைவர் மான்ஹோ பேசறேன். பாலத்துலேந்து மேட்டு வீடு வரைக்கும் ரோடு தொறந்தாச்சு" என்றான். பிறகு கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, பசிக்குது. சூடா ஏதாவது இருக்கா?"

மலையிலிருந்து அந்தக் கேள்வி திரும்பி வந்தது. விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து அணைப்பதற்குள் தேனீக்காரி வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு எண்ணெய் ஆலை வீடு. கொஞ்ச நேரத்தில் கூடத்து மேசையில் கிண்ணம் வைக்க இடமில்லை. அவனால் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அழுதான், யாரும் பார்க்காதது போல எல்லோரும் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

இத்தனை வருஷம் பாரந்தூக்கியில் உட்கார்ந்து நூறு சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டவன், ஒரு சுவிட்சை மறக்கிற ஆளா என்று நீயே சொல். நான் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சந்திரப் புத்தாண்டுக்குப் பொராமைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மதிய பஸ்ஸில் வா, சாலை திறந்திருக்கும். டிபன் பாக்ஸ் கொண்டுவர வேண்டாம்.

உன் அண்ணி
பில்நாம்